பாதியில் நிற்கும் நிரலைக் கமிட் செய்யலாமா?

ஐயா, வணக்கம். வெண்பாவுக்குத் தளை பார்க்கும் பைத்தான் நிரல் ஒன்றைப் பொழுதுபோக்காக எழுதி வருகிறேன். அல்சூர் வீட்டில் விண்டோஸ் டெஸ்க்டாப், ஓசூரில் அம்மா வீட்டில் பழைய லினக்ஸ் லேப்டாப், அப்புறம் ஒயிட்ஃபீல்டு ஆபீஸ் லேப்டாப். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கிளவுட் ஃபோல்டர் வைத்திருந்தேன். இப்போது ஒரே ஃபைலுக்கு இரண்டு பிரதிகள் நிற்கின்றன, எது சரி என்று புரியவில்லை. நிரலின் மாற்றங்களை வரலாறாகப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருள் தெரியும். ஆனால் பாதி எழுதியதைக் கமிட் செய்ய, அதாவது அந்த வரலாற்றில் பதிய, மனம் வருவதில்லை. என்ன செய்யலாம்?

க., பெங்களூரு

அன்புள்ள க.,

உங்கள் தயக்கத்தில்தான் சிக்கல் இருக்கிறது. நேரசை பிரிகிறது, நிரையசையில் நிரல் விழுந்துவிடுகிறது என்றாலும் கமிட் செய்யுங்கள். அதற்கென்றே 'வேலை' என்று ஒரு பிராஞ்ச் (தனிக் கிளை) வையுங்கள். எழுந்து போகுமுன் கமிட், பிறகு புஷ் (பொதுப் பிரதிக்கு அனுப்புவது). அடுத்த கணினியில் உட்கார்ந்ததும் முதலில் புல் (அங்கிருந்து இறக்குவது). அந்தப் பிராஞ்சில் ஓடாத நிரல் கிடப்பதில் தப்பே இல்லை. ஓடத் தொடங்கியதும் அரைகுறைக் கமிட்களை எல்லாம் ஸ்குவாஷ் செய்து (ஒரே கமிட்டாகச் சுருக்கி) மெயின் என்ற முதன்மைப் பிராஞ்சில் ஒன்றாகச் சேர்த்துவிடலாம். சேர்த்தபின் வேலைப் பிராஞ்சை எல்லாக் கணினியிலும் அழித்து, மெயினிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். பழையதிலேயே தொடர்ந்தால் அடுத்த முறை வீண் மோதல் வரும்.

கிளவுட் ஃபோல்டருக்கு ஃபைல் மாறியது மட்டும்தான் தெரியும். இரண்டு பக்கமும் மாறினால் இரண்டையும் வைத்துக்கொள்ளும். கிட் ஃபோல்டரையே அதற்குள் போடுவது இன்னும் மோசம். உள்ளிருக்கும் சிறு ஃபைல்கள் முன்னும் பின்னுமாகப் போய்ச் சேர்ந்து ரெப்போவே (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியமே) கெட்டுப்போகலாம்.

லினக்ஸின் மையமான கெர்னலை எழுதும் குழு இதே வேலைக்குப் பயன்படுத்திய பிட்கீப்பர் மென்பொருளுக்கு இலவச அனுமதி நின்றதும், 2005 ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு கணினியிலும் முழு வரலாறும் இருக்கும்படி அமைத்தார். அதனால் ஓசூரில் நெட் இல்லாவிட்டாலும் கமிட் செய்யலாம். ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் 2019 முதல் தனிப்பட்ட ரெப்போவும் இலவசம். வெளியே வைக்கப் பிடிக்காவிட்டால் பென்டிரைவில் ஒரு பேர் (bare) ரெப்போ, அதாவது வரலாறு மட்டும் உள்ள ரெப்போ, போதும்.

பைத்தான் பேக்கேஜ்களை நிறுவி வைத்திருக்கும் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஃபோல்டரைத் தூக்கிச் சுமக்காதீர்கள். தேவையான பேக்கேஜ்களின் பட்டியலை மட்டும் கமிட் செய்து, அங்கங்கே நிறுவிக்கொள்ளுங்கள்.

தமிழில் ஃபைல் பெயர் வேண்டாம். 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு துண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒரே பெயர், கணினிக்கு இரண்டு. உங்கள் நிரலுக்கும் இது முக்கியம்: வரும் பாடலை, இத்தகைய துண்டுகளை ஒரே குறியாக்கும் என்எஃப்சி (NFC) வடிவுக்கு மாற்றிய பிறகே அசை பிரியுங்கள்.

ஆபீஸ் லேப்டாப்பை இதிலிருந்து விலக்கிவிடுங்கள். நிறுவனத்தின் கருவியில் எழுதியது நிறுவனத்துக்கே சொந்தம் என்று பல வேலை ஒப்பந்தங்களில் ஷரத்து உண்டு. உங்களுடையதை எடுத்துப் படியுங்கள். மதியம் யோசனை வந்தால் போனில் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் எழுதலாம்.

குற்றியலுகரம் புணரும் இடங்களை உங்கள் நிரல் எப்படிப் பிரிக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை. ரெப்போவைப் பொதுவில் திறந்தால் அவசியம் எழுதுங்கள்.