ஒரு பல்புக்கு இத்தனை எண்களா?

கேள்வி: முன்பெல்லாம் ‘60 வாட்ஸ் பல்பு ஒண்ணு’ என்று கேட்டால் போதும். இப்போது எல்.இ.டி. பல்பு அட்டையில் லூமன், கெல்வின், சி.ஆர்.ஐ. என்று ஏகப்பட்ட எண்கள். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: குண்டு பல்பில் இழை சூடேறித்தான் ஒளி வரும். யார் தயாரித்தாலும் ஏறக்குறைய அதே மஞ்சள்தான். வாட்ஸ் கூடினால் வெளிச்சமும் கூடும். அதனால் ஒரே எண்ணில் வேலை முடிந்தது. எல்.இ.டி.யில் வெளிச்சம், நிறம், மின்செலவு மூன்றும் தனித்தனியே மாறும். எண்கள் பெருகியது அதனால்தான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அடிப்பகுதி எதுவென்று உங்கள் ஹோல்டர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. ஸ்விட்சை அணைத்து, பழைய பல்பைக் கழற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் இரண்டு முளை இருந்தால் பெரும்பாலும் பி22. மரை இருந்தால் ஈ27, ஒல்லியான மரை என்றால் ஈ14. அந்த எண்கள் மில்லிமீட்டரில் விட்டம், ஸ்கேல் வைத்தே அளந்துவிடலாம்.

வெளிச்சத்துக்கு லூமனைப் பாருங்கள். பழைய 40 வாட்ஸ் குண்டு பல்புக்கு ஈடாகச் சுமார் 450 லூமன், 60 வாட்ஸுக்கு 800, 100 வாட்ஸுக்கு 1,500 வேண்டும். 9 வாட்ஸ் என்று போட்ட இரண்டு பல்புகளில் ஒன்று 800 லூமனும் இன்னொன்று 1,000 லூமனும் தரலாம். வாட்ஸ் சொல்வது கரண்ட் செலவை மட்டுமே.

அதிகம் பேர் சறுக்குவது ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வினில்தான். 2,700 மஞ்சள், 4,000 நடுத்தர வெள்ளை, 6,500 நீலம் தட்டிய வெள்ளை. படுக்கையறைக்கு 2,700 முதல் 3,000, வேலை செய்யும் மேஜைக்கு 4,000 போதும். ஒரே அறையில் ஒரு பல்பை மட்டும் மாற்றும்போது மற்றவற்றின் கெல்வினையே வாங்குங்கள், இல்லாவிட்டால் சுவர் ஒரு பக்கம் மஞ்சளும் மறு பக்கம் நீலமுமாகத் தெரியும். பொருள்களின் நிறம் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதைச் சொல்வது சி.ஆர்.ஐ.; அது 80 இருந்தால் சரி. துணி நிறம் பார்க்கும் இடத்திலும் கண்ணாடி முன்னாலும் 90 நல்லது.

கேள்வி: வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் உள்ள இடத்தில் எல்.இ.டி. போட்டேன். மினுக்கிக்கொண்டே இருக்கிறது. பல்பு கோளாறா?

பதில்: அட்டையில் ‘டிம்மருக்கு ஏற்றது’ என்று இல்லாத பல்பு மினுக்கும், சீக்கிரம் போய்விடவும் கூடும். அப்படிப் போட்டிருந்தும் மினுக்கினால் டிம்மரைச் சந்தேகியுங்கள். பழைய டிம்மர்கள் பலவற்றுக்குக் குறைந்தது 40 வாட்ஸ் அளவுக்காவது சுமை வேண்டும். ஒற்றை 9 வாட்ஸ் பல்பு அதற்குப் போதாது. எல்.இ.டி.க்கான டிம்மர் மாட்டலாம். வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும் பழக்கமே இல்லையென்றால், எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் சாதாரண ஸ்விட்சாக மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 25,000 மணி நேரம் என்று போட்டிருந்த பல்பு ஒரு வருடத்தில் போய்விட்டது. ஏன்?

பதில்: அது பெரும்பாலும் வெளிச்சம் 70 சதவீதமாகக் குறையும் வரையிலான கணக்கு. ஆனால் பல நேரம் முதலில் சாவது, பல்புக்குள் மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட்டில் உள்ள கெப்பாசிட்டர் என்ற பாகம், சூட்டினால். காற்று புகாத கண்ணாடிக் குடுவைக்குள் மாட்டியிருந்தால் காரணம் அதுவாகவே இருக்கலாம். மூடிய விளக்குக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட பல்பை வாங்குங்கள்.