மூட்டு நீரை எடுத்துப் பார்ப்பது எதற்கு?

டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்கு மூட்டுநோய் மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

மன்னார்குடி: நடவு முடிந்த அன்று இரவு கால் கட்டைவிரல் சிவந்து வீங்கியது. போர்வை பட்டாலே உயிர் போகிறது. ரத்தத்தில் யூரிக் அமிலம் 6.2. 'நார்மல், கவுட் இல்லை' என்கிறார் லேப்காரர். டாக்டரோ மூட்டு நீரைப் பார்க்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

டாக்டர்தான். யூரிக் அமிலத்தின் உப்பான யூரேட் மூட்டில் படிகமாகச் சேர்ந்து வீங்கவைப்பதுதான் கவுட். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்த அளவு இறங்கிக் காட்டுவதுண்டு. வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். 8, 9 இருந்தும் ஒரு மூட்டுகூட வீங்காதவர்களும் உண்டு. ஆனால் மூட்டு நீரில் யூரேட் படிகம் தெரிந்துவிட்டால் கவுட் உறுதி. ஒளியை ஒரே தளத்தில் வடிகட்டிக் காட்டும் போலரைஸ்டு மைக்ராஸ்கோப்பில் ஊசி ஊசியாக, வெள்ளணுவைக் குத்திக்கொண்டு நிற்கும். ஒரு திசையில் மஞ்சள், குறுக்கே திருப்பினால் நீலம். 1961-இல் மெக்கார்ட்டி, ஹாலண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் காட்டிய வழி இது.

திருவையாறு: நீரை எடுத்தால் மூட்டு வறண்டுவிடுமாமே?

விடாது. நல்ல முழங்காலில் இருப்பதே சில மில்லிதான், அதுவும் தானே ஊறும். வீங்கிய மூட்டில் எடுத்தால் இறுக்கமும் குறையும்.

கும்பகோணம்: 74 வயது அம்மாவின் முழங்கால் நீரில் கால்சியம் பைரோபாஸ்பேட் என்று ரிப்போர்ட். பாலை நிறுத்தலாமா?

கும்பகோணத்தில் டிகிரி காபியை நிறுத்தச் சொல்லும் தைரியம் எனக்கில்லை, அவசியமும் இல்லை. இது வயதானவர்களுக்கு வரும் போலி கவுட். படிகம் ஊசியாக இல்லாமல் கட்டையாக, சாய்சதுரமாக இருக்கும். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோப்யூரினால் மாத்திரை இதற்கு உதவாது.

மயிலாடுதுறை: அப்பாவுக்குப் பத்து வருஷமாகக் கவுட், சர்க்கரையும் உண்டு. இப்போது முழங்கால் வீக்கத்தோடு குளிர்காய்ச்சல். பழைய மாத்திரையே கொடுக்கலாமா?

வேண்டாம், இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மூட்டில் சீழ் பிடித்திருந்தால் சில நாளிலேயே குருத்தெலும்பு அரிக்கப்பட்டுவிடும். நீரில் வெள்ளணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 50,000-ஐத் தாண்டினால் கிருமியைத்தான் முதலில் சந்தேகிப்போம், ஆனால் கவுட்டிலும் சில சமயம் அவ்வளவு ஏறும். படிகம் தெரிந்தது என்பதற்காகக் கிருமி இல்லை என்றும் ஆகாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அதனால் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, கட்டாயம். முடிந்தவரை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே நீரை எடுத்துவிட வேண்டும்.

பட்டுக்கோட்டை: பக்கத்து லேபில் போலரைஸ்டு மைக்ராஸ்கோப் இல்லை. மூட்டு நீரைத் தஞ்சாவூருக்கு அனுப்பலாமா?

தாராளமாக, ஆனால் அன்றைக்கே. நேரம் போகப் போக அணுக்கள் சிதைந்து எண்ணிக்கை தப்பாகும். திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் மட்டும் போட்டுவிடாதீர்கள், யூரேட் கரைந்துவிடும்.