பழைய ஊருக்குப் போகும் வழி

அன்புள்ள ஐயா,

1975இல் அப்பாவுக்குத் தென்காசிக்கு மாற்றல் வந்தது. எனக்கு அப்போது ஆறு வயது. 1983இல் சென்னைக்கு வந்துவிட்டோம், அதன் பிறகு அந்தப் பக்கம் போகவே வாய்க்கவில்லை. இந்த மே மாதம் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகளோடு காரில் கிளம்பினேன். திருநெல்வேலி, பாபநாசம், தென்காசி, குற்றாலம், தென்மலை என்று ஐந்து நாள்.

நாங்கள் குடியிருந்த வீடு இருந்த இடத்தில் ஒரு செல்போன் கடை. பள்ளிக்கூடத்தில் லீவு, உள்ளே விடவில்லை. குற்றாலம் பேரருவியில் நூல் மாதிரி தண்ணீர். மகள் பாதி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ரசித்தது இரண்டே இரண்டு: பார்டர் கடையில் சாப்பிட்ட புரோட்டா, கேரளா பக்கம் பதின்மூன்று கண் பாலத்தில் ரயில் போனது. ஊர் நன்றாகத்தான் இருக்கிறது. கோபுரம்கூட எவ்வளவு பெரிதாக நிற்கிறது! எனக்குத்தான் எதையோ பறிகொடுத்த மாதிரி இருக்கிறது.

அம்மாவுக்கு 81 வயது. அவ்வளவு தூரம் காரில் உட்கார முடியாது என்று தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்து போட்டோக்களைக் காட்டினேன். "இது எந்த ஊருடா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து ஒரே யோசனை. பழைய இடங்களுக்குப் போகவே கூடாதோ?

ஆர்., சென்னை

அன்புள்ள ஆர்.,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். போகக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். நீங்கள் போன வழிதான் சரியில்லையோ என்று படுகிறது. அதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது, நானும் ஒரு தடவை அப்படித்தான் போய் வந்தேன்.

என் ஊர் அம்பாசமுத்திரம். பத்து வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு கல்யாணம் முடிந்த கையோடு, இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று காரைத் தெற்கே விட்டேன். நான்குவழிச் சாலையில் ஊர்கள் எல்லாம் பச்சைப் பலகையில் பெயராக மட்டும் வந்து போயின. கோவில்பட்டி ஒரு பலகை, கயத்தாறு ஒரு பலகை. திருநெல்வேலிக்குள் நுழையவே இல்லை. அப்புறம் போனில் வழிகாட்டும் அம்மாள் குரல் சொன்ன சந்து பொந்தெல்லாம் திரும்பி, ஊருக்குக் கொல்லைப்புறமாகப் போய்ச் சேர்ந்தேன். எங்கள் தெரு வந்ததே தெரியவில்லை, தாண்டிப் போய் ரிவர்ஸ் எடுத்து வந்தேன். பழைய வீட்டின் முன்னால் பத்து நிமிஷம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். முகப்பை இடித்து ஷட்டர் போட்டிருந்தார்கள். இறங்கிப் போய்க் கதவைத் தட்டத் தோன்றவில்லை. ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு பாபநாசம் போய்விட்டேன். நீங்கள் சொல்கிற அதே பறிகொடுத்த உணர்வு, வீடு வந்து சேரும் வரைக்கும் தொண்டையில் நின்றது.

இரண்டாவது முறை போனது என் அக்காவோடு. அவளுக்கு 68 வயது. கார் வேண்டாம், பழையபடி திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் ஏறித்தான் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். சரி என்று செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினோம். அந்தப் பாதை இப்போது அகலப் பாதை, 2012இல் மாற்றி முடித்தார்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மீட்டர்கேஜ். ஆனால் ஸ்டேஷன்கள் மாறவில்லை, வரிசையும் மாறவில்லை. பேட்டை, சேரன்மகாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி. ஒவ்வொன்றையும் மஞ்சள் பலகை கண்ணில் படும் முன்பே அக்கா சொல்லிவிட்டாள். காருக்குறிச்சி என்றதும் அருணாசலத்தின் நாகஸ்வரத்தைக் கேட்பதற்காக அப்பா எந்தெந்த ஊர்த் திருவிழாவுக்கெல்லாம் போனார் என்று ஆரம்பித்தாள். எனக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது, நான் பிறப்பதற்கு முந்தைய கதை.

கல்லிடைக்குறிச்சி தாண்டினால் தாமிரபரணிப் பாலம். அது முடிந்ததும் அம்பாசமுத்திரம். வண்டி பாலத்தில் ஏறி, சத்தம் மாறியது. அந்த நொடியே அக்கா எழுந்தாள். மேலே இருந்த பையை இறக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, இன்னொரு கையை என் பக்கம் நீட்டினாள், கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி. எனக்கு அறுபது நெருங்குகிறது. பாலச் சத்தம் கேட்டால் எழுந்து பையை எடுத்துத் தம்பி கையைப் பிடிக்க வேண்டும் என்பது அம்மா அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. தான் எழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. நான் சிறு பையனாக அந்தக் கையைப் பிடித்து இறங்கினேன் என்பது எனக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஐம்பது வருஷமாக அது எங்கே கிடந்தது என்று தெரியவில்லை.

காரில் போயிருந்தால் அது வந்திருக்காது. பழைய இடத்தைப் பற்றிய ஞாபகத்தில் பாதி, அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் பாதையில்தான் இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. எந்தத் திருப்பத்தில் மலை தெரியும், எந்த இடத்தில் காற்று மாறும், எங்கே இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதெல்லாம் உடம்பு படித்து வைத்திருக்கிற பாடம். நடுவில் இருக்கிற அத்தனையையும் பைபாஸில் தாண்டிவிட்டு நேராக வாசலில் போய் நின்றால், அந்த வாசல் நம்மோடு எதைப் பேசும்?

அதே ஷட்டர் போட்ட வீட்டுக்கு அக்கா போய்ப் பக்கவாட்டுக் கதவைத் தட்டினாள். முப்பது வயதுக்குள் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு வந்தாள். அக்கா விஷயத்தைச் சொன்னதும், "உள்ள வாங்க ஆச்சி, நின்னுட்டே பேசுறீங்களே" என்றாள். உள்ளே எல்லாமே டைல்ஸ், எங்கள் வீட்டின் ஒரு சுவர்கூட மிச்சமில்லை. பின்கட்டுக்குப் போனோம். கிணற்றை மூடிவிட்டார்கள். அதன் பக்கத்தில் துவைக்கிற கல் மட்டும் அப்படியே கிடந்தது. நடுவில் லேசாகக் குழிந்து, ஒரு மூலை உடைந்த கல். அந்த மூலையை உடைத்தது நான்தான், கிரிக்கெட் ஸ்டம்பை அதில் வைத்து இரும்புக் குண்டால் அடித்தபோது. அக்கா குனிந்து அந்தக் குழியில் உள்ளங்கையை வைத்தாள். "எங்க அம்மா கை" என்றாள், அவ்வளவுதான். அந்தப் பெண், "நான் தினமும் இதுலதான் ஆச்சி தொவைக்கேன், மெஷின்ல போட்டா அழுக்குப் போக மாட்டேங்கு" என்றாள். கிளம்பும்போது மோர் கொடுத்தாள்.

உங்கள் வீட்டு இடத்தில் செல்போன் கடை என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே போனீர்களா? போகவில்லை என்றுதான் நினைக்கிறேன், போயிருந்தால் எழுதியிருப்பீர்கள். அடுத்த முறை போய்ப் பேசுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும் கட்டடத்துக்காரர் யார் என்று சொல்வார், அல்லது எதிர்ச்சாரியில் ஒரு பெரியவர் இருப்பார். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பதைவிடப் பிடித்த வேலை வேறு கிடையாது.

குற்றாலத்துக்கு மே மாதம் போனது எனக்கு ஆறவே இல்லை. சீசன் ஆரம்பிப்பதே ஜூனில்தான், கேரளாவில் தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு. நீங்கள் எட்டு வருஷம் அங்கே இருந்தவர், சாரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்? வெயில் அடிக்கும்போதே முகத்தில் பொடியாக விழும், துணி நனைகிறதா இல்லையா என்றே தெரியாது. பேரருவி மேலே இருந்து விழுந்து, நடுவில் பொங்குமாங்கடல் பள்ளத்தில் மோதி வேகம் தணிந்து வருவதால்தான் நாம் அடியில் தலையைக் கொடுத்து நிற்க முடிகிறது. அந்த அடி மண்டையில் விழாமல் குற்றாலம் போனதாகவே கணக்கில்லை. ஒன்று மட்டும் இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நம் காலத்தில் அருவிக்கரை முழுக்க இருந்த எண்ணெய் வாசனை. எண்ணெய், சீயக்காய், சோப்பு எதுவும் அருவியில் கூடாது என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. எனக்கு அந்த வாசனை இல்லாதது குறைதான். ஆனால் அருவித் தண்ணீர் நுரை இல்லாமல் ஓடுவதைப் பார்த்தபோது, இது இப்படியே இருக்கட்டும் என்றுதான் மனதாரத் தோன்றியது.

இனி தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுரம். "கோபுரம்கூட எவ்வளவு பெரிதாக நிற்கிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் அதுதான். ஆர்., நீங்கள் இருந்த காலத்தில் அந்தக் கோபுரம் கிடையாது! மேல்நிலைகள் இல்லாமல் மொட்டையாகக் கிடந்ததைப் பார்த்துத்தான் நீங்கள் வளர்ந்தீர்கள். இப்போது நிற்கிற ஒன்பது நிலைக் கோபுரம், ஏறத்தாழ 180 அடி, 1990இல் கட்டி முடித்துக் குடமுழுக்கு செய்தது. நீங்கள் ஊரை விட்டுப் போய் ஏழு வருஷம் கழித்து. ஊரில் இல்லாமல் போனதையெல்லாம் தேடித் தேடிக் கண்டுபிடித்த உங்கள் கண், கண்ணெதிரே வானத்துக்கு எழும்பி நின்ற புதியதைப் பழைய கணக்கிலேயே சேர்த்துவிட்டது.

அந்தக் கோயிலைக் கட்டியவன் 15ஆம் நூற்றாண்டுப் பராக்கிரம பாண்டியன். கோயிலில் அவன் பெயரால் ஒரு பாட்டு கல்லில் இருக்கிறது, 'ஆராயினும் இந்தத் தென்காசி மேவு பொன் ஆலயத்து' என்று தொடங்கும். இந்தக் கோயிலுக்கு வரக்கூடாத ஒரு குறை வந்தால், அப்போது வந்து அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும், அவர்களை உலகறியப் பணிகிறேன் என்கிறான். ஓர் அரசன், தனக்குப் பின்னால் எப்போதோ வரப்போகிற, பெயர் தெரியாத ஆட்களுக்கு முன்கூட்டியே தலை வணங்கிவிட்டுப் போயிருக்கிறான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். கோபுரம் சரிந்ததும் நிஜம், யார் யாரோ சேர்ந்து அதை எழுப்பியதும் நிஜம். அடுத்த முறை போனால் கோபுர வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். அந்த இடத்தில் காற்று ஆளைத் தள்ளும், சேலைத் தலைப்பையும் வேட்டியையும் இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அந்தக் காற்று உங்களுக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும்.

மகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பதின்மூன்று கண் பாலத்தில் ரயில் போனதை ரசித்தாள் என்றால் அவளுடைய பயணம் நன்றாகவே நடந்திருக்கிறது. 1904இல் போட்ட பாதை அது. மலை ஏற, பின்னால் இன்னொரு இன்ஜின் தள்ளும். மீட்டர்கேஜ் வண்டி 2010இல் நின்றுபோய், அகலப் பாதையாகி 2018இல்தான் முழுசாகத் திறந்தார்கள். நடுவில் எட்டு வருஷம் போயிருந்தால் வெறும் பாலத்தைத்தான் பார்த்திருப்பாள். உங்கள் தென்காசியை அவள் பார்க்க முடியாது, அவளுடைய தென்காசியில் புரோட்டாவும் ரயிலும் இருக்கின்றன. முப்பது வருஷம் கழித்து அவள் அந்தப் பாலத்தைத் தேடிக்கொண்டு வரலாம்.

கடைசியாக அம்மா. செல்போன் கடையையும் வறண்ட அருவியையும் போட்டோவில் காட்டினால் அவர் வேறு என்ன கேட்பார்? அந்த எட்டு வருஷமும் அந்த வீட்டில் அடுப்பு எரித்தவர் அவர். எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார், யார் வீட்டில் உறைமோர் வாங்கினார், உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது எந்த வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார் என்பதெல்லாம் அவரிடம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது ஒரு சிறுவன் பார்த்த ஊர் மட்டும்தான். முதல் தடவை அக்காவைக் கூட்டிக்கொள்ளாமல் ஊருக்குப் போனபோது எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடந்திருக்கிறது.

காரில் உட்கார முடியாவிட்டால் என்ன, பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறதே. ராத்திரி சென்னையில் கீழ்ப் படுக்கையில் அவரைப் படுக்க வைத்தால் காலையில் தென்காசி. 1975இல் நீங்கள் குடும்பத்தோடு ரயிலில் வந்திருந்தால் அநேகமாகக் கொல்லம் மெயிலில்தான் வந்திருப்பீர்கள், அதே ராஜபாளையம் வழி. தண்டவாளம் அகலமாகிவிட்டது, வழி அதேதான். ஆடி மாதம் சாரல் நன்றாக இருக்கும். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், இப்போதே தேதியைப் பார்த்து வையுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், போனை அவளே வைத்துக்கொள்ளட்டும், பாட்டி பேசுவதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

ராஜபாளையம் பக்கம் வரும்போது விடிந்திருக்கும். அம்மாவை எழுப்பி வலது பக்க ஜன்னலோரம் உட்கார வையுங்கள், மலை அந்தப் பக்கம்தான்.