பழைய புத்தகக் கடை போடப் போறேன், ஸ்டாக் எப்படி சேர்க்கறது, விலை எப்படி வைக்கறது?

சின்னதா ஒரு கடை நடத்தறேன், கையச் சுட்டுக்கிட்டு கத்துக்கிட்டதச் சொல்றேன். எல்லாரும் விலை போடறதப் பத்தியேதான் கேக்கறாங்க, ஆனா லாபம் வாங்கறப்பவே முடிவாயிடும். என்ன விலைக்கு விக்க முடியும்னு தோணுதோ அதுல கால்வாசி, மிஞ்சிப்போனா மூணுல ஒரு பங்கு, அதுக்கு மேல குடுத்து வாங்க மாட்டேன். வாடகை, விக்காம தூங்கறது எல்லாம் மிச்சத்துலதானே வரணும்.

மொத்தமா மலிவா தர்றாங்கன்னு மூட்டையத் தூக்கிட்டு வந்துடாதீங்க. ஆரம்பத்துல கலைக்களஞ்சியம் ஒரு முழு செட், தங்க எழுத்து, வழவழன்னு தாள், மயங்கி வாங்கிட்டேன். நாலு வருஷமா அதுமேலதான் உக்காந்து பில் போடறேன். சிலபஸ் மாறின பாடப்புத்தகம், பழைய வெர்ஷன் சாஃப்ட்வேர் புத்தகம், இதுங்களும் அதே கதைதான்.

வாங்கறதுக்கு முன்னாடி விரிச்சு மோந்து பாருங்க, நெஜமாத்தான் சொல்றேன். பூஞ்சை வாடை அடிச்சா ஓசில குடுத்தாலும் வேணாம். ராமபாணம், அதான் தாளத் தின்னுற பூச்சி, இருக்குமோன்னு டவுட்னா கவர்ல காத்து புகாம கட்டி ஃப்ரீசர்ல ஒரு வாரம் போடுவேன், வெளிய எடுத்ததும் உடனே பிரிக்கக்கூடாது, குளிர் முழுசா போகட்டும், இல்லன்னா தாள்ல தண்ணி கோத்துக்கும்.

சரி விலை. நெட்ல ஒருத்தர் ஏகத்துக்கு போட்டு வச்சிருந்தா அது அவரோட ஆசை, எவ்வளவுக்கு வித்துதுன்னு தேடுங்க. 1970க்கு முந்தின புத்தகத்துல ஐஎஸ்பிஎன், அதான் ஒவ்வொரு பதிப்புக்கும் குடுக்கற தனி நம்பர், இருக்காது, தலைப்பு, பதிப்பகம், வருஷம் போட்டுத்தான் தேடணும். இன்னும் அச்சுல இருக்கற நாவல்னா இன்னிக்கு புதுசு என்ன விலையோ அதுல பாதி, பின்னட்டைல இருக்கற பழைய விலையப் பாத்து கணக்குப் போடாதீங்க. அடிக்கோடு, லைப்ரரி சீல், பைண்டிங் விட்டது எல்லாம் கால்வாசிதான். அச்சுல இல்லாததுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. முதல் பதிப்பு தேடி வர்றவங்களுக்கு மேல சுத்தின ஜாக்கெட் ரொம்ப முக்கியம், அது கிழிஞ்சிருக்கேன்னு கழட்டிப் போட்டுட்டா விலையில பெரும்பங்கு அதோட போச்சு.

முதல் பக்க மூலைல 2பி பென்சில்ல விலையும், பக்கத்துலயே கடைக்கு வந்த மாசமும் எழுதிடுவேன். ஆறு மாசம் நகரலன்னா கால்வாசி குறைப்பேன், அப்பவும் நகரலன்னா வாசல்ல வைக்கற மலிவு விலைப் பொட்டிக்குப் போயிடும். ஸ்டிக்கர் மட்டும் ஒட்டாதீங்க, பிய்க்கறப்போ அட்டையும் சேந்து வரும், பால்பாயிண்ட்ல விலை எழுதற ஆளுங்களப் பத்தி நான் பேசவே விரும்பல.