மூக்கின் நுனியில் கொப்புளம் இருக்கிறதா?

கேள்வி: வயது 58. இரண்டு நாளாக வலது நெற்றியில் எரிச்சலோடு கொப்புளங்கள். அக்கி என்கிறார்கள். சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் உடம்பை விட்டுப் போவதே இல்லை என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. மூளைக்குப் போய்விடுமா? மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கைச் சாப்பிட்டுவருகிறேன். பேரனைத் தூக்கலாமா?

பதில்: முதலில் கண்ணாடியில் உங்கள் மூக்கைப் பாருங்கள். நுனியிலோ வலப்புறமோ ஒரே ஒரு கொப்புளம் இருந்தாலும், வலது கண் சிவந்தோ வெளிச்சத்துக்குக் கூசியோ இருந்தாலும், மேற்கொண்டு படிக்க வேண்டாம். இன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். மூக்கின் நுனிக்கு வரும் நரம்புதான் கண்ணுக்குள்ளும் கிளைவிடுகிறது. கருவிழி புண்ணாகிவிட்டால் பார்வையே கெடலாம். மூக்கு சுத்தமாக இருக்கிறதென்று படுத்துவிடவும் வேண்டாம். நெற்றியில் அக்கி வந்தாலே கண்ணைக் காட்டிவிட வேண்டும்.

நீங்கள் படித்தது பொய்யில்லை, பாதிதான். சின்னம்மை ஆறிய பிறகு வைரஸ் நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடும். தங்கி உங்களை அரித்துக்கொண்டிருக்கவில்லை. வைரஸ் உண்பதும் இல்லை, மூச்சுவிடுவதும் இல்லை. நரம்பு செல்லுக்குள் அதன் டிஎன்ஏ ஏறக்குறைய ஊமையாகக் கிடக்கிறது, பல பத்தாண்டுகள். வயதாகி எதிர்ப்பாற்றல் தளரும்போது, செல்லின் கருவிகளை வைத்தே தன்னை நகலெடுத்துக்கொண்டு, அதே நரம்பு வழியாகத் தோலுக்கு இறங்குகிறது. உங்கள் கொப்புளங்கள் நெற்றியின் நடுவில் கோடு கிழித்ததுபோல் நின்றுவிடுகின்றன அல்லவா? வலது நரம்பின் எல்லை அதுதான். மூளைவரை போவது மிக அரிது. அந்தப் பயத்தை விடுங்கள்.

ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துங்கள். பாக்டீரியாவின் சுவரையோ புரதம் செய்யும் ஏற்பாட்டையோ தாக்குகிற மருந்து அது. வைரஸிடம் இரண்டுமே கிடையாது; இல்லாத சுவரை இடித்துக்கொண்டிருக்கிறீர்கள். மிச்ச மாத்திரைகளை யார்தான் பத்திரப்படுத்தச் சொன்னார்களோ! உங்களுக்கு வேண்டியது அசைக்ளோவிர் போன்ற மருந்து. வைரஸின் நொதியே அதை முடுக்கிவிடும். முடுக்கப்பட்டதும் வளர்ந்துகொண்டிருக்கும் டிஎன்ஏ இழையில் புகுந்து, நகலெடுப்பைப் பாதியில் நிறுத்தும். நகலெடுப்பு மும்முரமாக இருக்கும்போதுதான் அதற்கு வேலை. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்வது இதனால்தான். இந்தக் கடிதத்தை எழுதும்போதே நீங்கள் 48 மணி நேரத்தைத் தொலைத்துவிட்டீர்கள். 72 தாண்டியிருந்தாலும் போங்கள். நெற்றி அக்கிக்கு அதன் பிறகும் மருந்து தருவோம்.

பேரனுக்கு அக்கி தொற்றாது. சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத குழந்தையென்றால், கொப்புளத்து நீர் பட்டுச் சின்னம்மை வரலாம். எல்லாம் பொருக்குத் தட்டட்டும், பிறகு தூக்கிக்கொள்ளுங்கள்.