லெவி யார் காசு? சிங்கப்பூர் சைட் வேலை பற்றிக் கேள்வி பதில்

சிங்கப்பூர் கட்டுமானத் துறையில் பதினெட்டு வருடம் இருந்தேன். முதல் ஆறு வருடம் கம்பி கட்டினேன், அப்புறம் சூப்பர்வைசர். கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து ஒரு மாணவர்: அண்ணா, வெளிநாட்டு ஆள் இல்லை என்றால் சிங்கப்பூரே நின்றுவிடும் என்கிறார்களே, கொஞ்சம் ஓவர் இல்லையா?

2024 ஜூன் கணக்குப்படி அங்கே மொத்தம் 60.4 லட்சம் பேர். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் போக, 18.6 லட்சம் பேர் வெளியிலிருந்து வந்தவர்கள். அதாவது பத்தில் மூன்று பேர். படிக்க வந்தவர்கள், குடும்பத்தோடு வந்தவர்கள் எல்லாம் இதில் சேர்த்திதான். நின்றுவிடுமா என்பதற்கு 2020 பதில் சொல்லிவிட்டது, தம்பி. கொரோனா வந்ததும் டார்மிட்டரிகளை, அதாவது தொழிலாளர் விடுதிகளைப் பூட்டினார்கள். இரண்டாம் காலாண்டில் கட்டுமானத் துறை பாதிக்கும் மேல் சரிந்தது. வீவக (அரசு கட்டிக் கொடுக்கும் அடுக்குமாடி) வீட்டுக்குப் பதிந்துவிட்டுக் கல்யாணத் தேதி குறித்திருந்த உள்ளூர் ஜோடிகள் சாவிக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி: வொர்க் பெர்மிட்டில் வருகிறவர்கள் பெரும்பாலும் வருமான வரி கட்டுவதில்லை. பிறகு எப்படிப் பங்களிப்பு என்கிறீர்கள்?

நல்ல கேள்வி அக்கா, இதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்லணும். கட்டுமானத்தில் ஒவ்வொரு வெளிநாட்டு ஆளுக்கும் முதலாளி அரசுக்கு மாதாமாதம் லெவி கட்டுகிறார். 2024 ஜனவரி முதல், இந்தியா போன்ற நாடுகளிலிருந்து சைட்டுக்கு வருகிறவருக்கு அடிப்படைத் திறன் என்றால் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), உயர் திறன் என்றால் 500. எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்கு ஓ.டி. சேர்த்து மாதம் 850 வெள்ளி கைக்கு வந்தது. அவன் தலைக்கு லெவி 900. லெவியைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, சரி. ஆனால் கம்பெனி கணக்குப் போடும்போது அந்த ஆளுக்கு 1,750 வெள்ளி என்றுதான் எழுதுகிறது. அந்த விலைக்கு உழைத்தது அவன், பாதிக்கு மேல் போனது கஜானாவுக்கு. வரி என்ற பெயர் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அவனைப் பெற்று, படிக்க வைத்து, ஐடிஐ வரை கொண்டு வந்த செலவு அவன் ஊரான ஒரத்தநாட்டில். சிபிஎஃப் (சிங்கப்பூரின் பி.எஃப்.) கிடையாது, எனவே முழங்கால் தேய்ந்த பிறகு வைத்துப் பார்க்கும் செலவும் ஒரத்தநாட்டில்தான். நடுவில் இருக்கும் நல்ல வயது மட்டும் சிங்கப்பூருக்கு.

அதே வாசகி: உள்ளூர்க்காரர் வேலை பறிபோவது உண்மைதானே?

சைட்டில் ஒரு உள்ளூர் ஊழியருக்கு ஐந்து பெர்மிட் ஆள் என்பது இப்போதைய வரம்பு. 2024க்கு முன் ஏழு. உள்ளூர் ஆளே இல்லாமல் கம்பெனி நடத்த முடியாது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: ஆள் மலிவாகக் கிடைத்தால் முதலாளிக்கு மெஷின் வாங்க மனம் வராது, அந்த வேலைகளுக்குச் சம்பளமும் ஏறாது. லெவியை ஏற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது குளியலறையையே டைல்ஸ் ஒட்டித் தொழிற்சாலையில் செய்து, கிரேனில் தூக்கி வைக்கிறார்கள்.

கடலூரிலிருந்து: வீட்டு வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

பேசணும். 1978இல் தொடங்கிய திட்டம், இப்போது சுமார் 3 லட்சம் பேர். வீட்டுக்கார அம்மா ஆபீஸ் போய்ச் சம்பாதிப்பது முழுதாக நாட்டுக் கணக்கில் ஏறுகிறது. பிள்ளைக்குச் சோறு ஊட்டி, மாமியாரைக் குளிப்பாட்டியவள் பெயரில் ஏறுவது அவளுக்குக் கொடுக்கும் சின்னச் சம்பளம் மட்டும். மாதம் ஒரு நாளாவது, காசு கொடுத்து ஈடுகட்ட முடியாத ஓய்வு நாள் தரவேண்டும் என்பது 2023இல்தான் வந்தது.

காரைக்குடியிலிருந்து: நம் ஆட்கள் அங்கே போனது எப்போதிருந்து?

செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் போய்ப் பாருங்கள். 1862இல் புனிதப்படுத்தப்பட்டது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிய கைதிகள். சுவருக்குப் பூசியது மதராஸ் சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். செட்டிநாட்டு வீட்டில் பிறந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

புதுக்கோட்டையிலிருந்து: ஸ்கில் அடித்துவிட்டேன் (திறன் தேர்வு பாஸ்). ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா அண்ணே?

வட்டிக்கு வாங்கிக் கொடுக்காதே. நான் அப்படிக் கொடுத்துத்தான் போனேன், பதினான்கு மாதம் கடனுக்கே உழைத்தேன். சிங்கப்பூர் ஏஜென்சி அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். நம் ஊர் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார். ஐபிஏ கடிதத்தில் (பெர்மிட்டுக்கு முன் வரும் முதற்கட்ட ஒப்புதல்) அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம் எல்லாம் எழுதியிருக்கும். வாய்ச்சொல்லை விடு, அந்தத் தாளைப் படி.

அவரே: சாப்பாடு எப்படி?

கேட்டரிங் எடுத்தால் விடியுமுன் கட்டிய பொட்டலம் சைட்டுக்கு வரும். பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால் சாம்பார் நுரைத்திருக்கும், சோறு வாடை அடிக்கும். நிறையப் பேர் ராத்திரி டார்மிட்டரி அடுப்புக்கு வரிசையில் நிற்பது அதனால்தான். கிளம்புவதற்குள் அம்மாவிடம் ஒரு குழம்பு, ஒரு ரசமாவது கற்றுக்கொள்.