கலாபகோஸுக்கு 16 பேர் கப்பலா, 100 பேர் கப்பலா?

பொள்ளாச்சியிலிருந்து வயதான அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஈக்வடார் நாட்டின் கலாபகோஸ் தீவுகளுக்குப் போறோம், எந்தக் கப்பல் நல்லதுன்னு கேட்டிருக்கீங்க. 16 பேர் கப்பலிலேயே போங்க. அங்கே ஒரு வழிகாட்டிக்கு 16 பேர்தான் உச்சவரம்பு. சின்னக் கப்பல்னா எல்லாரும் ஒரே குழுவாக் கரை இறங்கிடலாம். ஆட்டம் மட்டும் கூடுதல். அம்மாவுக்கு வாந்தி வருமுன்னா ஆகஸ்ட், செப்டம்பர் வேண்டாமுங்க.

கரையில் கறுப்பு எரிமலைப் பாறையோடு பாறையாக் கடல் இகுவானா கிடக்கும், நம்ம ஓணான் உடும்பளவு வளர்ந்தாப்பல. கடல்பாசி தின்னு உடம்பில் சேர்ந்த உப்பை மூக்கு வழியாப் பீச்சும். அது காய்ஞ்சு தலையில் வெள்ளையாப் பூத்திருக்கும். டாப்சிலிப் மான் மாதிரி ஆளைப் பார்த்து ஓடாது. அதனால நாமதான் 2 மீட்டர் தள்ளி நிக்கணும்.

பையில் கடலைக்காய், பழம், விதை வேண்டாம்; தீவுக்கு விமானம் ஏறுமுன்பே சோதிப்பாங்க. கலாபகோஸ் தேசியப் பூங்கா நுழைவுக்கட்டணம் 2024 ஆகஸ்டிலிருந்து நமக்கு 200 டாலருங்க.